ஓய்வு கலையாமல்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளைவிட, அந்தச் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சற்றே கண்ணயர்ந்த நாளே மகத்தானது. அன்றுதான் நாகரிகம் பிறந்தது.

லாரி கம்பெனி மேலாளர் தம் சொற்பொழிவை இப்படித்தான் தொடங்கியிருந்தார். டிரைவர்களுக்கான ஓய்வறைத் திறப்பு விழாவில் வாசிப்பதற்காக ஒரு வாரம் மூளையைக் கசக்கி எழுதியது. அந்த ஒரு வாரமும் அவருடைய டிரைவர்களில் ஒருவர்கூட நாகரிகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விழாவன்று வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர் எல்லோரையும் விரட்டோ விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை மணி ஓட்டினால் இத்தனை மணி ஓய்வு என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அதைக் கண்காணிக்க ஒவ்வொரு வண்டியிலும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பெட்டி. நேரம் முடிந்ததும் அது கத்தும். பிறகு ஓய்வு தொடங்கும். நடுவில் சாவியைத் திருப்பி வண்டியை ஒரு முழம் நகர்த்தினாலும் அதுவரை எடுத்த ஓய்வு செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டிரைவர் படுத்தாரா, உட்கார்ந்தாரா, மூட்டை தூக்கினாரா என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. வண்டி தூங்கினால் அதற்குப் போதும்.

ஆகவே ஷெட்டுக்குள் வண்டியை நகர்த்த ஒரு தனி வழி இருந்தது. சாவியைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கை மட்டும் விடுவித்து, நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். தரை வாசலை நோக்கிச் சரிவு. காலி வண்டி பூனை மாதிரி நகரும். பெட்டிக்கு மூச்சுக்கூடக் கேட்காது.

முதலாளி மேலாளருடைய மனைவிக்கு அண்ணன். வீட்டில் மச்சான், ஷெட்டில் முதலாளி. அவர் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, திறப்பு விழாவுக்கு வர்ற ஆய்வு அதிகாரிகிட்ட நற்சான்று வாங்கிட்டீங்கன்னா நீங்கதான் பொது மேலாளர். கோட்டை விட்டீங்கன்னா பழையபடி டயர் கிடங்குதான்."

மனைவி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொன்னாள்: "கிடங்குக்குப் போனீங்கன்னா அந்த ரப்பர் வாடையோட வீட்டுக்கு வராதீங்க. அங்கயே ஒரு டயருக்குள்ள சுருண்டுக்குங்க."

விழாவன்று காலை மேலாளர் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார். நன்றாகக் காயவிடவும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பொது மேலாளர் ஆகப்போகிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அவர் ஷெட்டுக்கு வந்தபோது ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்த ஒரு லாரி, ஓய்வறைக்கு எதிரே சுவர் நிழலில் நின்றிருந்தது. அதன் டிரைவரை எல்லோரும் கொக்கு என்பார்கள். அத்தனை நீளக் கால். அவன் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"சார், ரூம் சாவி குடுத்தீங்கன்னா கொஞ்சம் கட்டையைச் சாய்ப்பேன். பெட்டி அப்பவே கத்திடுச்சு."

"இன்னிக்குத் திறப்பு விழா. ஆய்வு அதிகாரி மேடம் ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி நீ படுத்துட்டா அப்புறம் அது திறந்த ரூம்."

"நான் ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு போயிடுறேன் சார்."

"உன் உயரத்துக்கா?"

"படுத்துட்டா எல்லாரும் ஒரே உயரம்தானே சார்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. டிரைவர்களின் நகைச்சுவைக்குச் சிரிப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்பதால் அதை இருமலாக்கிக்கொண்டார். "வண்டிக்குள்ளயே படு."

"கேபின் அடுப்பு மாதிரி கொதிக்குது சார்."

"உனக்கு ஓய்வு வேணுமா, வசதி வேணுமா? சட்டம் ஓய்வைத்தான் சொல்லுது."

இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. சொற்பொழிவில் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடியே ரிப்பனுக்குக் கீழே குனிந்து, கதவைத் திறந்து ஓய்வறைக்குள் போனார். ஏ.சி. ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான். வரிசையாகக் கட்டில்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள், பால் போன்ற தலையணைகள். சொற்பொழிவைப் படுத்துக்கொண்டே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாகரிகம் பிறக்கும் இடம் வரை சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது.

செல்போன் அலறியது. முதலாளி. "மேடம் கிளம்பிட்டாங்க மாப்பிள்ளை. நானும் அவங்க காருக்குப் பின்னாலயே வர்றேன். எல்லாம் சரியா இருக்குல்ல?"

மேலாளர் விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே ஓடினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த லாரியைத் தவிர. ரிப்பனுக்கு எதிரே மலை மாதிரி மறித்துக்கொண்டு நின்றது. போதாததற்கு அதன் முன்சக்கரத்தை ஒட்டி ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்து, வாருக்கு ஊக்குக் குத்தி, ஆனால் யாரோ விருந்துக்கு உள்ளே போனது மாதிரி அத்தனை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடப்பட்டிருந்தது. போட்டோவில் விழுந்தால் மானம் கப்பலேறிவிடும். அவர் இரண்டு விரலால் செருப்பைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மூடியையும் மூடினார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் ஆட்களோடு வந்தார். வந்ததும் குனிந்து முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டிக்கடியில் படுப்பவன் செருப்பை முன்சக்கரத்தை ஒட்டி விடுவான். செருப்பு கிடந்தால் அந்த வண்டியை யாரும் தொடமாட்டார்கள், முதலாளியே வந்து நின்றாலும். அரசாங்கத்தின் சட்டத்தை எல்லோரும் சமயம் பார்த்து மீறியிருக்கிறார்கள். இதை மீறியவர் கிடையாது.

"செருப்பு இல்லை. தள்ளலாம்," என்றார் மெக்கானிக்.

எந்தச் செருப்பு என்று கேட்க மேலாளர் வாயெடுத்தார். கண் குப்பைத்தொட்டியின் மூடிக்குப் போனது. அதற்குள் அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. டயர் கிடங்கின் வாடை காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. வாயை மூடிக்கொண்டார்.

"ஐலசா போட்டுக்கலாமா சார்?" என்றான் தள்ளுபவர்களில் ஒருவன். "சத்தம் குடுத்தாத்தான் கை சேரும்."

"மூச்சு விடக் கூடாது. மேடம் காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க? சாவியையும் தொடாதீங்க. கொக்கோட ஓய்வு கலையக் கூடாது."

ஓய்வு கலையாமல் தள்ளினார்கள். வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. அடியிலிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதிகாரி காரைவிட்டு இறங்கும்போது கொக்கை வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஓய்வறையில் கிடத்தலாம் என்று மெக்கானிக் துண்டால் தொடையை இறுகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. குறுக்கே ரிப்பன் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் மேலாளர்.

அவர் சாவியைத் திருப்ப, தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அதிகாரி ரிப்பனை வெட்டினார். வழியில் இருந்ததால் வெட்டினார் என்று அவர் தரப்பில் சொல்ல இடமிருக்கிறது. போட்டோக்காரர் தம் கடமையில் தவறவில்லை. எல்லோருக்கும் முந்தி உள்ளே புகுந்து காலி அறையை ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் கொக்கு உள்ளே போனான்.

"பிளாஸ்டிக்கைப் பிரிச்சிடாதீங்க," என்று பின்னாலிருந்து மேலாளர் குரல் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் போனபின் அதிகாரி லாரியில் ஏறிப் பெட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து ஓய்வு, ஒரு நொடிகூடக் கலையவில்லை.

"விபத்து வேற பிரிவு. அதுக்கு வேற ஆள் வருவாங்க," என்றார் முதலாளியிடம். "என் பிரிவைப் பொறுத்தவரை சுத்தமா இருக்கு." நற்சான்றில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு விபத்துப் பிரிவிலிருந்து வந்தவரிடம், ஓய்வறை இருக்கும்போது வண்டிக்கடியில் படுத்தது டிரைவரின் ஒழுங்கீனம் என்று மேலாளர் விளக்கினார். அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார். ஷெட்டில் அதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கொக்கின்மேல் வைத்த குற்றம் வேறு: செருப்பு விடாமல் படுத்தவன். கூடவே ஓட்டியவர்கள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

மெக்கானிக் மட்டும் ஒருநாள் கேட்டார். "செருப்பு விட்டேன்னு சத்தியம் பண்றான் சார். அது எங்க போச்சுன்னுதான் தெரியலை."

"மருந்து மயக்கத்துல ஆயிரம் சொல்லுவான்," என்றார் மேலாளர்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே கம்பெனி சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கொக்கு போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. கொண்டுவந்த பையை அவன் மனைவியிடம் நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி புதுச் செருப்பு, நல்ல தோல்.

அவள் இரண்டையும் வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது கால் செருப்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க சார். வேற யாருக்காவது ஆகும்."

கொக்கு திரும்பவில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் பொது மேலாளர். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், அன்று எடுத்த காலி ஓய்வறைப் படத்தை முதலாளி பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். வரிசையாகக் கட்டில்கள், பால் போன்ற தலையணைகள். முதல் தலையணையில் மட்டும் தலை பதிந்த அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். நிழல் என்கிறார். அது தலைச்சாயம்.