பக்கங்களில் தள்ளுபடி

கடை வைத்த நாளிலிருந்து ஷீலா ஒரே ஒரு முறைதான் முதல் பேச்சிலேயே உண்மையான எண்ணைச் சொன்னாள். அதுவும் வாளிக்கான விலை இல்லை, படித்து முடித்த பக்கங்களின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு ஏறிய கோபத்தில் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் குடமெல்லாம் உருகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பூனா கேம்ப் பஜாரில் அவளுடையது பிளாஸ்டிக், எவர்சில்வர் சாமான் கடை. ஓர் ஆள் உள்ளே படுத்தால் கால் தெருவில் நீட்டும். கூரையிலிருந்து தொங்கும் வாளி, முறம், டப்பா, துடைப்பத்துக்கு நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் ஷீலா. இருநூற்று இருபதுக்குக் கொடுக்கக்கூடிய வாளியை முந்நூற்று ஐம்பது என்பாள். வந்தவர் நூற்றைம்பது என்பார். இரண்டுமே பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் எங்கேயோ சந்தித்து, ஏமாந்துபோன முகத்தை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு பிரிவார்கள். இதில் யாருக்கும் மனக்கசப்பு கிடையாது. தொழில் என்றால் அப்படித்தான்.

ஏப்ரல் மாதம் ரமா மேடம் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தாபோடியில் சொந்த ஃபிளாட். பூனாவில் இருக்கிற தமிழ்ப் பெண்கள் கோடை இரண்டு மாதமும் புத்தகம் படிக்க வேண்டும், எந்த மொழியானாலும் சரி. ஞாயிறுதோறும் அந்த வாரம் படித்த பக்கங்களை அவரவர் குழுவில் போட, ரமா மேடம் கூட்டி வைப்பார். பரிசு கிடையாது. 'நட்புக்காக ஒரு போட்டி' என்று குழுவின் தலையிலேயே எழுதி, பக்கத்தில் சூரியகாந்திப் பூ ஒன்றும் வைத்திருந்தார்.

ஷீலாவை அதில் சேர்த்துவிட்டவள் ரீனா, ஷீலாவின் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமியின் தங்கை. "சும்மா பேரு குடுங்க அண்ணி, நாலு பேரோட பழக்கமாகும்" என்றாள்.

ஷீலா எதற்கும் சும்மா பேர் கொடுக்கிற ஆள் இல்லை. தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். அதற்கப்புறம் அவள் கண்ணில் பட்ட தமிழெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் சர்ச் நோட்டீசும்தான். சர்ச் அலமாரியிலிருந்து தடியான நாவல் ஒன்றை எடுத்துவந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் தாண்ட ஒரு மதியம் போயிற்று. எழுத்தின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டு வந்தால், வாக்கியம் முடிகிற இடத்தில் ஒருத்தி வந்து நிற்பாள், "மாவ்ஷி, யே டப்பா கித்னே கா?" என்று விலை கேட்டுக்கொண்டு. மே மாதம் வந்தபோது விரல் தேவைப்படவில்லை. ஒரு நாள் நாவலில் மாமனார் செத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் துடைப்பத்துக்கு விலை கேட்டாள். ஷீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எடுத்துட்டுப் போம்மா" என்றாள். அந்த அம்மாள் இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று பயந்து, துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அக்கா, நீங்க புஸ்தகத்தத் தொட்டதுலேருந்து என் கடைல யாவாரம் நல்லாருக்கு" என்றான் பக்கத்துப் பைக்கடை இர்பான். "இன்னும் ரெண்டு நாவல் வேணும்னா சொல்லுங்க, நானே வாங்கித் தர்றேன்."

"நீ மொதல்ல உன் பையோட ஜிப்ப மூடக் கத்துக்கோ, அப்புறம் என் வாய மூடலாம்" என்றாள் ஷீலா, தலையை நிமிர்த்தாமலே.

மே கடைசி ஞாயிறன்று அவள் கூட்டியபோது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பக்கம் வந்தது. படம் போட்ட பக்கத்தை அவள் சேர்க்கவில்லை. பதிப்பகத்தார் கடைசியில் அடித்திருந்த விளம்பரத்தையும் சேர்க்கவில்லை. அரைகுறையாகப் புரிந்த ஒரு அத்தியாயம் முழுவதையும், யாரும் கேட்காமலே, கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். பேரத்துக்கு இடம் வைக்காத எண் ஒன்று தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே புதுசாக இருந்தது. சாமான் விற்கிறவளின் வார்த்தையைக் கேட்டவுடன் பாதியாக்கிப் பார்க்கிற ஊரில், இந்த ஒரு வார்த்தையை மட்டும் நாலு பேர் அப்படியே நம்ப வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் பட்டியல் வந்தது. ஷீலா என்ற பெயருக்கு நேரே ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். எண் மாறவில்லை. ரீனாவுக்கு போன் போட்டாள்.

"ரீனா, மேடம் தப்பா அடிச்சிட்டாங்களா? என் பேருக்கு நேரா என்னமோ இருக்கு."

"தப்பில்ல அண்ணி. எல்லாருக்கும் மூணுல ஒரு பங்கு கழிச்சிருக்காங்க."

"எதுக்குக் கழிக்கணும்?"

"அரே, எல்லாருமே ஏத்தித்தானே போடுவாங்க! நாந்தான் மேடமுக்கு ஐடியா குடுத்தேன். யார் எவ்ளோ ஏத்துனாங்கன்னு நோண்டுனா சண்டை வரும். எல்லாருக்கும் ஒரே கழிவு, பஸ், அவ்ளோதான், கதை முடிஞ்சுது."

"நீ எவ்ளோ ஏத்துன?"

ரீனா சிரித்தாள். "சீரியல் பாத்துக்கிட்டே புரட்டுனா அதையும் படிச்சதாத்தானே வெச்சுக்கணும்? ரெண்டாயிரத்து நானூறு போட்டேன். நெஜமாப் பாத்தா பாதி தேறும்."

ஷீலா மனக்கணக்கில் பஜாரிலேயே பெரிய கை. பாதிக்குப் பாதி பொய் சொன்னவளுக்கு, கழிவு போன பிறகும் நானூறு பக்கம் லாபம். ஒரு பக்கமும் பொய் சொல்லாதவளுக்கு அறுநூற்றுச் சொச்சம் நஷ்டம். கள்ளத் தராசு வைத்திருந்தவள் தப்பித்தாள், சரியாக நிறுத்தவளின் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டார்கள்.

"நான் ஏத்தலடி" என்றாள்.

"போங்க அண்ணி! நீங்க ஏத்தாததுன்னு ஒண்ணு இருக்கா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஷீலாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. போனை வைத்த வேகத்தில் மூன்று டப்பா சரிந்து தெருவில் உருண்டன. இர்பான் அவற்றைப் பொறுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போனான். அவளுடைய முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் அந்தப் புத்தி வந்திருக்கும்.

ஆரோக்கியசாமியிடம் சொன்னதற்கு அவர் சட்டினியைத் தொட்டுக்கொண்டே, "வுடு. பரிசா, பைசாவா?" என்றார்.

"அதனாலதான் வுட முடியல" என்றாள். "பைசான்னா எப்பவோ வுட்டிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை ரமா மேடத்தின் ஃபிளாட்டில் நிறைவு விழா. பத்துப் பன்னிரண்டு பெண்கள், பூரி, கிண்ணம் கிண்ணமாக மாம்பழ ஆம்ரஸ். கூடத்துச் சுவரில் பெயர்ப் பட்டியலை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஷீலா செருப்பைக் கழற்றியதும் நேரே அட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாங்கோ ஷீலா. மொதல்ல ஒரு பூரி சாப்டுங்கோ."

"பூரி அப்புறம் மேடம். என் எண்ணைத் திருப்பிக் குடுங்க."

ரமா மேடம் சிரித்த முகம் மாறாமல், "இது நட்புக்காகத்தானே ஷீலா?" என்றார்.

"நட்புன்னா நான் பொய் சொல்றவன்னு அர்த்தமா?"

"யாரு உங்களப் பொய் சொல்றவன்னா? நான் முப்பது வருஷம் லோன் பாத்தவ. அப்ளிகேஷன்ல எழுதற வருமானத்த அப்படியே எடுத்துண்டா பேங்க் என்னத்துக்கு ஆகும்? எல்லாருக்கும் பொதுவா ஒரு கழிவு. உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணும் பண்ணலியே?"

"நான் லோன் கேக்கல. படிச்சேன்னு சொன்னேன்."

"சரி, உங்க வருத்தம் புரியறது." ரமா மேடம் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். "உங்களுக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறுன்னு போட்டுடறேன். சந்தோஷமா?"

ஷீலா பேனாவையே பார்த்தாள். அவளுக்கு இந்தக் குரல் தெரியும். அவளே நாள் முழுக்கப் பேசுகிற குரல்.

"ஆயிரத்து அறநூறு?"

"மேடம், நீங்க என்கிட்ட வாளி வாங்க வரல."

"ஆயிரத்து எழுநூறு. இதுக்கு மேல போட்டா மத்தவா என்னைக் கேப்பா."

"அண்ணி, ஆயிரத்து எழுநூறு நல்ல ரேட்டு" என்றாள் ரீனா சோபாவிலிருந்து, வாய் நிறையப் பூரியோடு. "முடிச்சிருங்க."

"வாய மூடிட்டு பூரியத் தின்னுடி!" ஷீலா திரும்பிய வேகத்தில் பக்கத்திலிருந்த பெண் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "மேடம், நான் கடைல சொல்ற வெலைய நீங்க பாதியாக் கொறைங்க, கால்வாசியாக் கேளுங்க, எனக்குக் கோவம் வராது. அதுல ஏத்தி வெச்சிருக்கேன், நீங்க கொறைக்கணும்னே வெச்சிருக்கேன். இதுல ஒரு பக்கம் ஏத்தல. ஏத்தாததக் கொறைச்சா அது கழிவு இல்ல, திருட்டு!"

"வார்த்தை பெரிசாப் போறது, ஷீலா."

"போகட்டும். அதையாவது மூணுல ஒரு பங்கு கழிக்காமக் கேளுங்க."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். ரமா மேடத்தின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. உங்கள மட்டும் நான் நம்பினா, மத்தவா எல்லாம் பொய் சொன்னான்னு ஆகாதா?" என்றார்.

"ஆகட்டுமே!"

எல்லாப் பெண்களும் ஆம்ரஸ் கிண்ணத்துக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷீலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்த முகமும் நிமிரவில்லை. தான் சொன்னது உண்மை என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்திருந்தும் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. பொய்யைக்கூட மன்னிக்கலாம், இந்த மௌனத்தை எப்படி மன்னிப்பது?

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பஜாரில் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினால், நாலு எட்டு வைக்க விட்டு, கடைக்காரர் கூப்பிடுவார். போகிறவரும் அந்தக் கூப்பாட்டுக்காகவே மெதுவாக நடப்பார். ஷீலா மெதுவாக நடக்கவில்லை. தடதடவென்று இறங்கினாள். இருந்தும் ஒரு மாடி தாண்டியதும் கூப்பாடு வந்தது.

"ஷீலா! திரும்பி வாங்கோ! ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு! முழுசாப் போட்டாச்சு, வந்து பாருங்கோ!"

ஷீலா நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே கைப்பிடிக் கம்பியில் ரமா மேடம், கையில் மூடி திறந்த பேனா. அவருக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள்.

"நம்புறீங்களா?" என்று கத்தினாள்.

"அதான் முழுசாப் போட்டாச்சே ஷீலா! இன்னும் என்ன?"

சொன்ன எண் கிடைத்துவிட்டது, பைசா குறையாமல். இப்படித்தான் அவளும் எத்தனையோ பேருக்கு, சரி எடுத்துட்டுப் போ, உன் வெலைக்கே குடுக்கறேன், என்று கொடுத்திருக்கிறாள். அவர்களில் ஒருவரையும் அவள் நம்பியதில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. வியாபாரம் படிந்தால் போதும்.

"அந்த எண்ணை நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். "என் பேர அடிச்சிருங்க."

பின்னாலேயே ரீனா தடுக்கி விழாத குறையாக ஓடிவந்தாள். "அண்ணி, கேட்ட ரேட்ட முழுசாக் குடுத்துட்டாங்க, அப்புறமும் கெளம்புறீங்களே! எந்த ஊரு யாவாரம் இது?"

"யாவாரமே இல்லடி! அதத்தான் மேல நின்னு அந்தக் கத்து கத்துனேன்."

ரீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேலே கூடத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. "அவங்களுக்கு முழுசுன்னா எனக்கும் முழுசாப் போடுங்க மேடம்!" உடனே இன்னொன்று: "அப்ப நான் மட்டும் என்ன ஏமாளியா?" பிறகு நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில், தமிழும் இந்தியும் மராத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக. அட்டை கிழிகிற சத்தம் கேட்டது. ரமா மேடம் "நட்பு, நட்பு" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லச் சத்தம் விடவில்லை.

ரீனா படியில் பாதியில் நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அவளுடைய உதடு இரண்டாயிரத்து நானூறு என்று தனக்குள் ஒரு தரம் முணுமுணுத்தது.

"போ" என்றாள் ஷீலா. "போய் வாங்கிக்க."

ரீனா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.