கற்பூரத்துக்குக் கூப்பிடாதவள்

வேதநாயகியின் எண்ணெய்க்கடையில் ஒரு டின் கடலை எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைச் செஞ்சி கடைத்தெருவே திரண்டு பிடித்தது. பனமலைப் பக்கத்துக் கூலிக்காரன், பெயர் இளையபெருமாள். அரிசிக்கு ஊரே அல்லாடிய அறுபத்தைந்தாம் வருஷம் அது.

"போலீஸ்ல குடுத்தா நாளைக்கே வெளிய வந்து நிப்பான்" என்றார் துணிக்கடை சிங்காரவேலு. விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய்க் கும்பிட்டு வருகிறவர்கள். வேதநாயகி ஏதோ சொல்ல இறங்கி வந்தாள். "நீங்க உள்ள போங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் செத்துப்போனான்.

உடம்பை ராஜகிரி அடிவாரத்தில் கொண்டுபோய்ப் போட்டு, டின்னையும் பக்கத்தில் வைத்தார்கள். மலையேறித் தப்பிக்கப் பார்த்தான், வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். பிறகு கடைக்கு ஒருவராகப் பிள்ளையார் கோயிலில் கூடி, யாரும் வாய் திறப்பதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்கிற இடத்துக்குத் தாலியறுத்தவளைக் கூப்பிடுவார்களா என்ன? வேதநாயகியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

டின் யாருடையது, திருடன் எந்தப் பக்கம் ஓடினான் என்று சொல்ல அவள் காலையில் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தபோதுதான் அவளை விட்டுவிட்டது தெருவுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே சிங்காரவேலுவின் மனைவி மனோரமா வந்தாள். கொழுக்கட்டை கொண்டுவந்தாள். காபி வாங்கிக் குடித்தாள்.

"உங்கள கூப்டாம வுட்டது தப்புதாங்க்கா. வெள்ளிக்கிழம பெரியவளுக்கு வளைகாப்பு. நீங்க வந்து முன்னாடி நிக்கணும்."

கணவர் போனதிலிருந்து ஒரு நல்ல காரியத்துக்கும் அவளை யாரும் அழைத்ததில்லை. கல்யாணப் பெண் தெருவில் இறங்குவதற்கு முன், இவள் உள்ளே போய்விட்டாளா என்று பார்ப்பார்கள். மனோரமா எதற்கு வந்தாள் என்று புரியாத அளவுக்கு வேதநாயகி அசடு இல்லை. இருந்தும் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மனோரமா குடித்த தம்ளரைக் கழுவ மனம் வரவில்லை.

காலையில் ஸ்டேஷன் வாசலில் செத்தவன் மனைவி காத்தாயி உட்கார்ந்திருந்தாள். வேதநாயகி அருகில் போய்க் குனிந்து, "நடந்தத நான் சொல்லிடுறேம்மா" என்றாள்.

"வாணாம்மா. மலையில இருந்து வுழுந்ததாவே இருக்கட்டும். பொணத்த குடுத்தா போதும், நான் போய் சேர்றேன்."

உள்ளே சப் இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் பேனாவைத் திறந்தார். "மலைப் பக்கம் ஓடினான், அவ்வளவுதானேம்மா?"

"ஓடல சார். கம்பத்துல கட்டி அடிச்சே கொன்னாங்க."

அவர் பேனாவை மூடினார். "கடைத்தெரு பூரா ஒரே மாதிரி சொல்லுது. அவன் பொண்டாட்டியே கேஸ் வேணாங்குறா. நீங்க யாருக்காகம்மா பேசுறீங்க? நாளைக்கு இந்த ஊர்ல உங்ககிட்ட ஒரு ஆளு பேசுவானா?"

பேசமாட்டார்கள் என்று அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"அவன் என் கடையில திருடுனவன் சார். அவன இன்னா பண்றதுன்னு என்ன ஒரு வார்த்த கேட்டாங்களா? கேட்டிருந்தா, டின்ன வச்சிட்டு ஓடிப்போடான்னு அனுப்பியிருப்பேன்."

கோதண்டராமன் மறுபடி பேனாவைத் திறந்தார். "மொதல்ல அடிச்சது யாரு?"

"சிங்காரவேலு."

சொன்னதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்தவனுக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் தனக்காகத்தான் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பெயரையும் சொன்னாள்.