விழுப்புரம் வர்றதுக்குள்ள

சவுரிராயனுக்குக் கிடைத்தது திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்குமான தூரம்தான். தயாரிப்பாளர் ராஜாமணி காரில் திருச்சிக்குப் போகிறவர். "மேம்பாலத்துக்குக் கீழ நில்லு. வண்டியிலயே கதையைச் சொல்லிட்டு விழுப்புரத்துல எறங்கிக்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

தொண்ணூத்தி மூணுல எழுத ஆரம்பித்த திரைக்கதை. பதினாலு வருஷம் ஆச்சு. தாளின் இடப்பக்கம் நடக்கிறது, வலப்பக்கம் பேச்சு என்று அடித்து அடித்து எழுதி எட்டு நோட்டு. இந்த வாய்ப்பும் போனால் திங்கட்கிழமையே வானூரில் மச்சானோட ஹாலோபிளாக் பட்டறைக்குப் போய்விடுவதாக, மாதா படத்துக்கு முன்னால் மனைவி அருள்ராணியிடம் சத்தியம் பண்ணியிருந்தான்.

நோட்டுப் பை டிக்கிக்குள் போனது. டிரைவர் மாரியப்பன் வண்டியை எடுத்தான்.

"ம், சொல்லு."

"சார், கடைசியில அந்தம்மா செத்துப்போறாங்க" என்று ஆரம்பித்தான் சவுரிராயன்.

அவனைத் திட்டாதீங்க கண்ணுங்களா. தவக்காலத்துல ஊர்க் கோயிலுக்குப் பாஸ்கா நாடகம் எழுதுறவன் அவன். சிலுவைச் சாவு வரும்னு தெரிஞ்சே வந்து உட்கார்ந்து அழுகிற ஜனத்துக்கு எழுதிப் பழகின கை. முடிவை ஒளிச்சு வைக்கணும்னு அதுக்குத் தோணலை.

ராஜாமணி செல்போனை எடுத்தார். "முடிவே தெரிஞ்சுபோச்சு. மீதியை எதுக்குய்யா கேக்கணும்?"

கூட்டேரிப்பட்டு தாண்டியது. சவுரிராயன் விடாமல் சொன்னான். அனந்தபுரத்தில் ஒரு சித்தாள். துபாய்க்குப் போன மகன் கேசட்டில் பேசி அனுப்புகிறான். அவளிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. இருக்கிற வீடுகளில் அவளை வாசப்படி ஏற விடமாட்டார்கள். கேசட்டை மடியில் முடிந்துகொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறாள்.

ராஜாமணி யாரிடமோ கால்ஷீட் பேசிக்கினு இருந்தார்.

விக்கிரவாண்டி. இன்னும் பத்து நிமிஷம் இருக்குமா? சவுரிராயன் அவசரமாகக் குறுக்கே பேசினான்.

"சார், அந்தம்மா சாகலை சார். மாத்திட்டேன். பொழச்சிக்கிறாங்க."

ராஜாமணி போனை இறக்கினார். "பொழச்சிக்கிட்டா நாளைக்கு எங்கனா போய்க் கேட்டுக்கப்போறா. அதுல என்னய்யா கதை இருக்குது?"

அது சரிதான் என்று அவனுக்கே தெரிந்தது. பதினாலு வருஷமாகக் கட்டினதைத் தானே இடித்துப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

விழுப்புரம் பைபாஸில் இறக்கிவிட்டார்கள். மாரியப்பன் இறங்கி வந்து டிக்கியைத் திறந்தான். பையைக் கொடுத்தவன் கையை எடுக்கவில்லை.

"அண்ணே, சாவுறதுக்கு முன்னாடி அந்தம்மா கேசட்டைக் கேட்டாங்களா, இல்லியா?"

"மாரியப்பா, ஜல்தி வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் ஓடிப்போய் ஏறினான்.

கார் நகர்ந்தது. சவுரிராயன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"கேட்டாங்கப்பா. ஒரு பக்கம் மட்டும் கேட்டாங்க. திருப்பிப் போடறதுக்குள்ள..."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏசி வண்டி. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.