ஆடு கடித்த புளியங்கன்று

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டானிஸ்லாஸும் அவர் மனைவி டோரதியும் குடியிருந்தார்கள். டோரதி வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். ஸ்டானிஸ்லாஸுக்குத் துறைமுகத்தில் வேலை; கப்பல் தளத்தில் நின்று சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுவார்.

அறுபத்தேழாம் வருஷம் பொங்கல் கழிந்த சமயம். ஒரு ஜப்பான் கப்பலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அதன் சமையல்காரர் அவரைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். சமையலறை ஜன்னலோரம் தட்டையான ஒரு பீங்கான் தொட்டி. அதில் முழங்கை உயரம்கூட இல்லாத ஒரு மரம். செடியல்ல, மரமேதான். அடிமரம் முறுக்கேறிப் பட்டை வெடித்து, பல காலம் கடற்காற்றில் நின்றதுபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இலைகள் சவுக்கு மாதிரி ஊசி ஊசியாக இருந்தன. ஸ்டானிஸ்லாஸ் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டு சமையல்காரர் சிரித்தார். ஒரு காகிதத்தில் கொஞ்சம் விதையை மடித்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

"டோரதி, நம்ம வூட்ல இனிமே மரம் கீது!" என்றபடி அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தார்.

"எங்க கீது? துணி காயப் போடவே எடமில்ல."

"கைக்குள்ள அடங்குற மரம்மா."

மூலையில் கிடந்த பழைய எனாமல் பேசினில் மண்ணை நிரப்பி விதைகளை ஊன்றினார். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். நடுவே சந்தேகம் வந்தால் இன்னொரு சொம்பு. பேசினில் ஓட்டை கிடையாது. மண் சேறாகி, பாசி பிடித்து, கொசு வந்ததே தவிர விதை முளைக்கவில்லை. ஆணி வைத்து அடியில் ஓட்டை போட்டு, மண்ணை மாற்றி, மிச்சமிருந்த விதையையும் ஊன்றினார். டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசின் எதிரே குந்தி உட்கார்ந்துவிடுவார்.

அவர் முகம் தினமும் வாடுவதை டோரதியால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் குழம்புக்குப் புளி கரைத்தபோது கையில் அகப்பட்ட கொட்டையைப் பேசின் மண்ணுக்குள் அழுத்திவிட்டாள்.

அது முளைத்தது. தடித்த இரண்டு பருப்பைத் தூக்கிக்கொண்டு மண்ணைப் பிளந்து வந்தது. ஸ்டானிஸ்லாஸ் சந்து முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு அங்கம்மா, காசிமேட்டில் மீன் விற்பவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ஜப்பான் மரமா அண்ணாத்தே? ஷோக்காகீது!"

நான்கைந்து நாளில் இலை விரிந்தது. ஸ்டானிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏன் டோரதி, ஜப்பான்லயும் புளி கீதா?"

அடக்க முடியாமல் டோரதி சிரித்துவிட்டாள். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, மொளச்சது மொளச்சிடுச்சி. இதயே வளப்போம்."

வளர்ப்பது கஷ்டமாக இல்லை. குட்டையாக வைப்பதுதான் தெரியவில்லை. வருஷம் திரும்புவதற்குள் கன்று ஒல்லியாக, கொடிக்கம்பம் மாதிரி, அவர் இடுப்பு வரை வந்துவிட்டது. கொழுந்தைக் கிள்ள அவருக்கு மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் திரும்பி வந்தபோது, அங்கம்மாவின் ஆடு பேசினுக்குப் பக்கத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கன்றில் ஒரு சாண் குச்சிதான் மிச்சம்.

"அங்கம்மா! இன்னா பண்ணிக்கீது பாரு உன் ஆடு!"

அங்கம்மா ஓடிவந்தாள். "ஐயோ அண்ணாத்தே! வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா தெரியும்? வஞ்சிரம் ஒண்ணு தர்றேன், கோச்சிக்காத."

"வஞ்சிரத்த வெச்சி நான் இன்னா பண்றது?" என்று கத்தினார். அந்த மீன் வரத்தான் வந்தது. டோரதி குழம்பு வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி பேசின் எதிரே போய்க் குந்தினார்.

குச்சியைப் பிடுங்கி எறிய நினைத்தும் நாலைந்து நாள் அப்படியே விட்டுவைத்தார். பிறகு ஒரு காலையில் பல் துலக்கியபடி பார்த்தவர் வாயில் பல்பொடியோடு அலறினார். கடிபட்ட இடத்துக்குக் கீழே மூன்று பக்கமும் துளிர்கள்.

"டோரதி! இங்க வா! வெட்டினாத்தான் கெள வுடும் போலக்கீது. இத்தினி நாளா தெரியாத பூட்டுதே!"

அதற்குப் பிறகு துணிந்து கிள்ளினார். கிளைகள் அகன்றன, அடி பருத்தது. ஆணி போட்ட ஓட்டைகள் வழியே வேர்கள் நீட்டிக்கொண்டு வந்தபோதுதான் மறுபடி பின்வாங்கினார். "வேர வெட்டினா செத்துப் பூடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டோரதி, யாரையும் தொடவிடாத தன் துணிக் கத்தரியை எடுத்து வந்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், நீண்ட வேர்களை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வைத்தாள்.

இலையெல்லாம் கொட்டியது. வெயில் படாமல் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் வைத்து, மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்தால் மட்டும் நீர் தெளித்தாள். ஐப்பசி மழை பிடித்த வாரம் கிளையெங்கும் இளஞ்சிவப்பாகத் துளிர்கள் வெடித்தன. இருவரும் மழையில் நனைந்துகொண்டே பார்த்தார்கள்.

எழுபத்திரண்டில் அது ஒரு முழ உயரத்தில் குடை விரித்த மரமாகியிருந்தது. பட்டைகூட வெடித்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அங்கம்மா, "எங்க ஆடு பண்ண வேல" என்று பெருமையடித்துக்கொண்டாள். டோரதி இப்போது வேம்பு, விளா, வாதாம் என்று எதைக் கண்டாலும் விதைபோட ஆரம்பித்திருந்தாள். துணி காயப்போடும் இடமெல்லாம் தொட்டிகள்.

ஒருநாள் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். புளியமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வேணுமே" என்றார்.

"தாராளமா" என்று ஸ்டானிஸ்லாஸ் அவர் கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்.

"இது எப்ப மரமாவும்?"

டோரதி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "அத்த வுடுங்க சார். உங்க பக்கத்து வூட்ல ஆடு கீதா, சொல்லுங்க."

குமாஸ்தா விழிக்க, சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மா சிரிப்பது கேட்டது.