எட்டு மணி நேரக் கணக்கு

மனைவி வீட்டில் அவருக்குப் ‘புலி’ என்று பெயர். கணக்கில் புலியாம். கிணறு அளப்பதுதான் அவர் வேலை. இறைத்து முடித்த கிணறு மறுபடி ஊற எத்தனை மணி நேரமாகும் என்று சொல்லிவிடுவார். மனைவியின் தம்பிகள் இருவரும் ஒரே கிணற்றுக்கு மல்லுக்கு நின்றபோது முறை பிரித்துக் கொடுத்தவரும் அவரே. காலை ஆறு மணிக்குச் சின்னவன் மோட்டாரை நிறுத்தவேண்டும். எட்டு மணி நேரத்தில் கிணறு ஊறிவிடும். மதியம் இரண்டு மணிக்குப் பெரியவன் போடலாம்.

அந்தக் கணக்குப் போட்ட லட்சணத்தைக் கேளுங்கள். அளவு நாடாவை விட்டு அளந்தது ஒரே ஒரு மணி நேரம். ஒரு மீட்டர் ஏறியிருந்தது. கிணறு நிரம்ப எட்டு மீட்டர் ஏற எட்டு மணி நேரம் என்று பெருக்கிவிட்டு, வெயிலுக்குப் பயந்து வீடு போய்ச் சேர்ந்தார். பசித்தவன் முதல் கவளத்தை அள்ளுகிற வேகத்திலா கடைசிக் கவளத்தை அள்ளுவான்? மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும். புலிக்கு இது தெரியாததல்ல, சோம்பல்.

முதல் நாலு நாளும் இரண்டு மணிக்குக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் குறைவாகவே இருந்தது. இடையில் சின்னவன் திருட்டுத்தனமாக மோட்டார் போடுகிறான் என்று பெரியவன் முடிவுகட்டினான். சின்னவன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. இன்னொரு நாள் இப்படியானால் கொன்றுவிடுவேன் என்று பெரியவன் அக்காவிடமே சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கே புலி நாடாவோடு கிணற்றோரம் உட்கார்ந்தார். முதல் மணியில் ஒரு மீட்டர். மூன்றாவதில் முக்கால். ஆறாவதில் அரை. கிணறு நிரம்ப ஒரு முழு நாள் வேண்டும் என்று பன்னிரண்டு மணிக்கே விளங்கிவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். புலிக்கே கணக்குத் தப்பா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் காலைக் கட்டியது. எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்குப் பெரியவன் வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு, சின்னவன் படுத்திருந்த மோட்டார் அறைக்குள் போனான்.

முதல் அடி சின்னவன் தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கப்போய் மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் பின்னாலேயே ஓடிவந்து அறை வாசலில் நின்ற புலிக்குக் கேட்டது. குழாய் மூன்றாம் முறை தலைக்கு நேராக உயர்ந்தது.

“அவன் எடுக்கல. கணக்குதான் தப்பு. நான் போட்டது தப்பு.”

குழாய் அந்தரத்தில் நின்றது. பெரியவன் தம்பியின் கையைப் பார்த்தான். பெரியவனுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

சின்னவன் தரையில் கிடந்தபடியே கேட்டான். “எப்ப தெரியும் மச்சான்?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர் யாருமில்லை. முறிந்த கையைப் பார்த்துக்கொண்டு புலியால் பொய் சொல்ல முடியவில்லை.

“பன்னெண்டு மணிக்கே.”

பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். குழாய் புலியின் முழங்காலில் இறங்கியது. அவர் சுருண்டு விழுந்தார்.

“என் பங்குக்கும் ஒண்ணு போடுண்ணே,” என்றான் சின்னவன்.