நாலு முப்பத்தாறு

தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினாள் ரூபியா. பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதத் தம்பியின் ஆதார் அட்டை வேண்டும் என்று வாப்பாவின் தம்பியான சாச்சா கேட்டிருந்தார். பீரோவில் இல்லை. மாட்டியிருந்த சட்டைகளின் பைகளிலும் இல்லை. உறைக்குள்ளிருந்து வந்தது அவனுடைய கேம் மெஷின்.

அடுத்த அறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தம்பி முகம்மது சாதிக்கைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி ஹாலில் கிடத்தியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். நேற்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மாமனார் பெங்களூரிலிருந்து வந்து முகம் பார்க்கட்டும் என்று அடக்கத்தை இன்று மத்தியான லுஹர் தொழுகைக்குத் தள்ளியிருந்தார்கள்.

அவன் மனைவி ஹஸ்னா பானு. கல்யாணமாகி எட்டு மாதம். நேற்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ரூபியாவின் உம்மா மீரா பீவிதான் அதைக் காதோடு காதாகச் சொன்னாள். கடையநல்லூரிலிருந்து வந்து இறங்கிய நிமிடம் முதல் ரூபியாவுக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

விரல் எதிலோ பட்டு மெஷின் விழித்துக்கொண்டது. அந்த விளையாட்டு அவளுக்குத் தெரியும். சவூதியில், தம்மாமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது சாதிக் வாங்கி வந்தது. இடிந்த அரண்மனைக்குள் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், ஒரு கையில் அரிக்கேன் விளக்கும் மறு கையில் அரிவாளுமாக, இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருப்பாள். சவப்பெட்டிகள் திறக்கும். எலும்புக்கூடுகள் எழுந்து வரும். மொத்தம் பன்னிரண்டு மாடி. மாடிக்கு ஒரு மணி தொங்கும். அதை அடித்தால் அதுவரை ஆடியது சேமிப்பாகும். பெருநாளைக்கு அக்கா வீட்டுக்கு வரும்போதும் அதைக் கையோடு கொண்டுவருவான். அவள் பேச்சுக் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுத்தான் நிமிர்வான்.

திரையில் சேமித்த ஆட்டங்களின் பட்டியல் நின்றது. முதல் வரியில் பதினோராவது மாடி, நேற்றைய தேதி, பிற்பகல் 2:24. அதன் கீழே பன்னிரண்டாவது மாடி, அதே தேதி, 4:36.

ரூபியா தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். யார் எப்போது வந்தார்கள், எப்போது உள்ளே போனார்கள் என்று நாள் முழுக்க நேரம் எழுதுகிற வேலை. எங்கே நேரம் எழுதியிருந்தாலும் கண் தானாக நின்றுவிடும்.

நேற்று ஹஸ்னா எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். முன்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தாளாம். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டு அவனை எழுப்பப் போனாளாம். பாங்கு சொன்னது நாலே முக்காலுக்கு. ஐந்தேகாலுக்கு வந்த டாக்டர், மாரடைப்பு, உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

அப்படியென்றால் நாலு முப்பத்தாறுக்கு அந்த மணியை அடித்தது யார்?

மெஷினைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டு பர்ஹத் டீ கிளாஸ்களை அலசிக்கொண்டிருந்தாள். நேற்றுச் சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அவள்தான்.

"பர்ஹத், நீ உள்ள வரும்போது ஹஸ்னா எங்கன இருந்தா?"

"கட்டில்லதான் அக்கா. அவங்க காலப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா. ஏசி ஓடிட்டு இருந்துச்சு."

"முன்னறையில பாய் விரிச்சுக் கெடந்துச்சா?"

பர்ஹத் கையிலிருந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தாள். "பாயா? இல்லியே. நான் அந்த வழியாத்தான வந்தேன். ஏன் அக்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

திரும்பும்போது வாசலில் சாச்சா மைதீன் பாட்சா நின்றிருந்தார். வாப்பா இறந்தபின் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"ஏட்டி ரூபியா, கார்டு கெடச்சுதா?"

"தேடுதேன் சாச்சா."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குதேன். சின்ன வயசுப் பய. ஊரு நாலு விதமாப் பேசும். ஒன் மனசுல ஏதும் இருந்தா இப்பமே சொல்லிரு. போலீஸுன்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணாம விடமாட்டான், அறுத்துத்தான் தருவான். அதுக்கும் தயாருன்னா சொல்லு. மண்ணு தள்ளுன பொறவு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

"தூக்கிட்டுப் போற சந்தூக்குப் பெட்டி எப்பம் வரும்?"

"இன்னும் அரை மணி நேரம்."

அறைக்கு வந்தபோது ஹஸ்னா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டாவில் முகம் இன்னும் சிறிதாகத் தெரிந்தது. ரூபியா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மெஷினை அவள் முன்னால் நீட்டினாள்.

"நாலு முப்பத்தாறுக்கு இத யாரு வெளாண்டா?"

ஹஸ்னா திரையையே பார்த்தாள். மறுப்பாள், அழுவாள் என்று ரூபியா எதிர்பார்த்தாள்.

"நான்தான் மைனி."

"எங்கன வச்சு?"

"இங்கனதான். அவங்க பக்கத்துல."

"முன்னறையில படுத்திருந்தேன்னு சொன்னது?"

"பொய்."

யாசீன் ஓதும் குரல்கள் ஏறி இறங்கின. ஹஸ்னா விரலால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

"பதினோராவது மாடியில தலையில்லாத ராஜா ஒருத்தன் வருவான். மூணு நாளா அவங்களால அவனத் தாண்ட முடியல. நேத்து சாப்ட்டு வந்தும் தோத்தாங்க. 'கை தளருது, நீ பிடி, நான் கொஞ்சம் கண்ண மூடுதேன், தாண்டிட்டேன்னா எழுப்பு'ன்னாங்க. தாண்டுனேன். பழசு மேல எழுதாம ரெண்டாவதுல போட்டேன். தானே ஜெயிக்கணும்னு நெனச்சா அவங்க பழசுலேர்ந்து ஆடட்டும்னு. அப்புறம் காட்டலாம்னு தோளத் தொட்டேன்."

அவள் போர்வையைத் தன் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவங்க கால் என் கால்மேல பட்டுட்டேதான் இருந்துச்சு மைனி. சில்லுன்னு இருந்துச்சு. ஏசின்னு நெனச்சேன்."

"நடுவுல ஒண்ணும் கேக்கலியா?"

ஹஸ்னா மறுபடி போர்வையின் ஓரத்தை நீவினாள்.

"கேக்குதேம்லா. சத்தம் ஏதும் வந்துச்சா?"

"மூணு மணி இருக்கும். தொண்டையில ஒரு சத்தம் வந்துச்சு. கொறட்டைன்னு நெனச்சேன்."

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல. அந்த ராஜாகிட்ட மாட்டியிருந்தேன். கைய எடுத்தா அந்தப் பொம்பள செத்துருவா."

"நிப்பாட்டி வைக்கதுக்குப் பட்டன் இருக்குல்லா?"

ஹஸ்னா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் வறண்டிருந்தன.

"இருக்கு மைனி."

ரூபியாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பியிருந்தால், ஓடியிருந்தால், பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இப்போதே கதவைத் திறந்து சாச்சாவைக் கூப்பிட்டால் போதும். தாழ்ப்பாளில் கை வைத்தவள், எதற்கென்று தெரியாமலே கேட்டாள்.

"கை தளருதுன்னானா? எந்தக் கை?"

"எடது கை. போன வாரத்துலேர்ந்தே நெஞ்சு கரிக்குன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கூப்டேன். அக்காகிட்டக் கேட்டாச்சு, கேஸ் ட்ரபுள்தான்னு சொல்லிட்டா, ஸ்கேன் சென்டர்ல இருக்கிற அவளுக்குத் தெரியாததான்னு சிரிச்சாங்க. நிம்மதியாத்தான் இருந்தாங்க மைனி."

போன வாரம் அவன் போன் செய்து கேட்டதைப் பற்றி ரூபியா யாரிடமும் சொல்லவில்லை, உம்மாவிடம்கூட. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, யாருக்கோ டோக்கன் எழுதியபடியே, வெறும் வயித்துல டீ குடிக்காதலே என்று சொல்லிப் போனை வைத்திருந்தாள். அவள் மேசையிலிருந்து பத்தடியில் ஈசிஜி அறை.

"இத வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

ஆறுதலுக்குச் சொன்னாளா, அல்லது உன் தவறும் என் கையில் இருக்கிறது என்று காட்டினாளா? அந்த முகத்திலிருந்து ரூபியாவால் எதையும் எடுக்க முடியவில்லை. நெடுநேரம் பார்த்தாள். ஹஸ்னாவும் பார்வையை விலக்கவில்லை.

வெளியே ஆண்களின் பேச்சுக்குரல் பெருகியது. சந்தூக்கு வந்துவிட்டது. கதவைத் தட்டி, "ரூபியா!" என்றார் சாச்சா.

"கார்டு அவங்க போன் கவருக்குள்ள இருக்கு" என்றாள் ஹஸ்னா, மேசையைக் காட்டி.

ரூபியா மெஷினை அணைத்துப் பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே வைத்தாள். போன் கவரைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சாச்சா அட்டையை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"சொல்லுதியா?"

"ஒண்ணும் இல்ல சாச்சா. தூக்குங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"நேரமாவுது. பாங்கு சொல்லிருவாங்க."

அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மீரா பீவியின் அலறல் வீட்டை நிறைத்தது. கலிமா சொல்லிக்கொண்டே ஆண்கள் தெருமுனையைக் கடந்தார்கள். எதிரே வந்த மினி பஸ் ஓரமாக ஒதுங்கி இன்ஜினை அணைத்துக்கொண்டது. பெண்கள் வாசல்வரை வந்து நின்றார்கள். ஹஸ்னா உள்ளேயே இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தா காலம் அவளுக்குத் தொடங்கிவிட்டது.

இரண்டு மணிக்கு பர்ஹத் வீட்டிலிருந்து சோறும் கறி போட்ட பருப்புத் தால்ச்சாவும் வந்தன. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளில் சோற்றைக் குவித்தார்கள். ஆளாளுக்கு வேண்டாம் என்று சுவரோரம் சாய்ந்துகொண்டார்கள்.

"ரூபியா, நீ ஹஸ்னாகூட உக்காரு. தனியா விட்டா அவ திங்க மாட்டா" என்றாள் மீரா பீவி, தொண்டை கட்டிப்போன குரலில்.

ஒரு சஹனின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். பர்ஹத் தால்ச்சா ஊற்றிவிட்டுப் போனாள். ரூபியா தன் பக்கத்துச் சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குப் போகவில்லை. ஹஸ்னா ஒரு கறித்துண்டை எடுத்து, எலும்பைக் கழற்றி ஓரத்தில் வைத்தாள். வெறும் கறியைத் தட்டின் குறுக்கே ரூபியாவின் பக்கமாகத் தள்ளினாள்.

ரூபியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே, குனிந்த தலை நிமிராமல், ஹஸ்னாவும் சாப்பிடாமல் இருந்தாள்.

ரூபியா அந்தத் துண்டை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தட்டின் நடுவில் வைத்தாள்.