ஐந்து நிமிடம் அசையாத வெளிச்சம்

1946-ல், கப்பலிலிருந்து கழித்துப் போட்ட ஒரு வயர்லெஸ் பெட்டியை வாங்கினேன். உள்ளே நகத்தளவு கருங்கல் ஒன்று இருந்தது. கார்பரண்டம், சாணைச் சக்கரத்தில் இருக்கும் அதே சரக்கு. ரேடியோ ரிப்பேர்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? எட்டு பேட்டரிகளை வரிசையாகக் கோர்த்து, ஒரு கம்பியைக் கல்லின் அடியில் கட்டி, மறு கம்பியில் செருகிய ஊசியால் மேலே அழுத்தினேன். ஊசி முனையில் கடுகளவு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கல் சுடவே இல்லை.

இது என்ன வெளிச்சம் என்று கேட்டு, பாளையங்கோட்டைக் கல்லூரி இயற்பியல் பேராசிரியருக்கு எழுதினேன். தபால் கார்டில் பதில் வந்தது: "தீப்பொறியாக இருக்கும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் எழுதுங்கள், நேரில் வருகிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் வெளிச்சம் உண்மையிலேயே துடித்துக்கொண்டுதான் இருந்தது. பேட்டரியை மாற்றினேன். உப்புக் காற்றில் பச்சை பூத்த கம்பிகளைச் சுரண்டினேன். கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தேன். துடிப்பு நிற்கவில்லை. பொறிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நின்றதாக ஒரு பொய்க் கார்டு போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் கதவை அடைத்து, இருட்டுக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்லோடு உட்கார்ந்தேன்.

"ஏளா பிளாரன்ஸ், இங்கன வந்து பாரு."

என் மனைவி புழுக்கத்தை வைதுகொண்டே கம்பளிக்குள் நுழைந்தாள். முத்துக்குத் துளை போடுகிறவர் மகள். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஊசி பிடித்திருந்த என் மணிக்கட்டைத் தொட்டாள்.

"அது துடிக்கயில உங்க நாடியும் துடிக்கு."

"என்னளா சொல்லுதே?"

"வெளிச்சம் ஆடல. நீங்கதான் ஆடுதிய."

நான் நம்பவில்லை. பத்து வருஷ ரிப்பேர்க் கை என்று அத்தனை மிதப்பு எனக்கு. அவள் நாடியைப் பிடித்தபடி எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் வெளிச்சம் ஒருமுறை துடித்தது.

"கையை எடுங்க. எங்க அப்பா முத்தைக் கையில பிடிச்சா துளை போடுதாரு? கட்டையில இறுக்கிதான போடுதாரு."

"எடுத்தா அணைஞ்சிரும்."

"அணையட்டும். பொறின்னு தெரிஞ்சு போவும்லா."

எனக்கு அதுதான் பயம். அவள் அப்பாவிடமிருந்து கட்டையை வாங்கி வந்து, முத்து உட்காரும் குழியில் கல்லை இறுக்கினாள். ஊசியை ஒரு குச்சியின் நுனியில் கட்டி, முனை கல்லில் படும்படி குச்சியைக் கிடத்தி, அதன் மேல் தராசுப் படிக்கல்லை ஏற்றினாள். வெளிச்சம் வந்தது. நானோ குச்சியை விடாமல் பிடித்திருந்தேன். பிளாரன்ஸ் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

வெளிச்சம் அணையவில்லை, ஆடவும் இல்லை. வியர்த்து ஊற்ற இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் அவ்வப்போது தலையை வெளியே நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

உடனே கார்டு எடுத்தேன். "எட்டு நிமிடம் அசையாமல் நின்றது. நான் தொடவில்லை" என்று எழுதுவதற்குள் கை நடுங்கி எழுத்தெல்லாம் கோணிக்கொண்டது.

"இங்கன தாங்க," என்று பேனாவை வாங்கி, மீதியை பிளாரன்ஸ் எழுதினாள்.